நீலக் கதவு என்று சொன்னது நான்தான்

பொதுமக்கள் அனைவரின் மேலான கவனத்திற்கும் இதன்மூலம் அறிவிப்பது யாதெனில், இந்தக் காவல் நிலையத்தின் இரண்டாவது அறையில் பேனா ஒன்று சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டுள்ளது, அது எழுதவும் இல்லை. இங்கே இதுவரை தப்பிக்காமல் பிடிபட்டிருப்பது அந்தப் பேனா மட்டும்தான் என்று தெரியவருகிறது.

மேலே உள்ளதை விசாரணை அதிகாரி மேடம் படித்துவிட்டு, "இது என்ன ஆண்டு விழாவா? கோடு போட்டு அடிக்காதே, அடிச்சா கோர்ட்ல கேள்வி வரும். அப்படியே விட்டுட்டு இதுக்குக் கீழேருந்து ஒழுங்கா எழுது" என்று சொன்னார். ஆகவே அந்த வரிகள் அப்படியே நிற்கின்றன. அம்மாவின் பேனாவால் எழுதுகிறேன்.

என் பெயர் முதல் தாளில் உள்ளது. படகுத்துறையில் அந்தப் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை, புருடா என்பார்கள். வயது பதினேழு. முகவரி: டயர் கடைக்கு மேலே முதல் மாடி, படியேறினால் இடதுபக்கக் கதவு. அப்பா சாவி வெட்டுபவர். எனக்குப் பதினெட்டு ஆகாததால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாக வந்தேன்.

ஸ்கேல் என்று நாங்கள் கூப்பிடும் அண்ணனை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். வயது இருபது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார், எதையும் அளக்காமல் செய்ய மாட்டார். அவருடைய பாய்மரப் படகில் முன்பாய்க் கயிறு பிடிப்பது அவர் தங்கை, வயது பதினான்கு. என் படகில் அந்த வேலை என் அத்தை மகனுடையது. இந்தத் துறையில் பந்தயப் புறப்பாட்டில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடைசிப் பதினொரு பந்தயத்தில் ஒன்பதில், கோட்டைத் தாண்டிய முதல் மூன்று படகில் என்னுடையதும் ஒன்று. அதன் பிறகு எத்தனையாவதாக வந்தேன் என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது.

மேடத்துக்குப் படகு தெரியாது என்பதால் இதையும் எழுதச் சொன்னார். பாய்மரப் படகை ஓட்டப்பந்தயம் மாதிரி கோட்டில் நிற்கவைக்க முடியாது, அதற்கு பிரேக் கிடையாது. நடுவர் படகின் கொடிக்கம்பத்துக்கும் தூரத்தில் மிதக்கும் ஆரஞ்சு மிதவைக்கும் இடையில் கோடு இருப்பதாக எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் முன்பு ஒரு கொம்பு ஊதுவார்கள், பிறகு நான்கு நிமிடம் முன்பு, பிறகு ஒரு நிமிடம் முன்பு, பிறகு புறப்பாடு. கடைசிக் கொம்பு ஊதும்போது முழு வேகத்தில் கோட்டின் மேல் இருப்பவன் கெட்டிக்காரன். ஒரு அடி முன்னால் போய்விட்டாலும் பாயில் உள்ள எண்ணைச் சொல்லித் திருப்பி அழைப்பார்கள். திரும்புகிறவர்தான் மற்ற எல்லாப் படகுக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

தண்ணீரில் சாக்பீஸால் கோடு போட முடியாது. அதனால் முன்கூட்டியே நடுவர் படகின் வெளிப்பக்கம் போய், கம்பத்தையும் மிதவையையும் ஒரே நேராகப் பார்த்து, மிதவைக்குப் பின்னால் கரையில் என்ன தெரிகிறது என்று மனதில் வைத்துக்கொள்வோம். அதற்குக் குறி என்று பெயர். பிறகு கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும், மிதவையும் குறியும் ஒன்றுசேர்ந்தால் கோட்டின் மேல் இருக்கிறோம் என்று அர்த்தம். காற்றைப் பற்றிப் பொய் சொல்லலாம், பாய் கிழிந்ததைப் பற்றிப் பொய் சொல்லலாம், ஆனால் தாமதமாக வந்தவர் குறி கேட்டால் சரியாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் துறையில் அதில் மட்டும் யாரும் விளையாடுவதில்லை.

சென்ற ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்குப் படகுகளைச் சரிவில் இறக்கினோம். அப்போது ஸ்கேல் அண்ணனின் தங்கை என்னிடம், "புருடா அண்ணா, கடல் இவ்ளோ பெருசா கிடக்கு, தினமும் எங்க பக்கத்துலதான் உங்களுக்கு இடம் கிடைக்குதா?" என்று கேட்டாள். "உங்க பாய் நிழல் நல்லா இருக்கு" என்று சொன்னேன். அதன் பிறகு அவர்கள் சுக்கானை மாட்டும் ஆணி மணலில் விழுந்துவிட்டதால் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் முன்னால் போய்விட்டோம். அதன் பிறகு ஐந்து நிமிடக் கொம்பும் நான்கு நிமிடக் கொம்பும் ஊதின. அதன் பிறகுதான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். என் படகைக் கடக்கும்போது ஸ்கேல் அண்ணன், "டேய், குறி என்னடா?" என்று கத்தினார். "நீலக் கதவு" என்றேன். "கிடங்குக் கதவா?" என்றார். "ஆமா, நடுக்கதவு" என்றேன். அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

சரியான குறி கரையில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் இடதுகால். அது எனக்குத் தெரியும். நீலக் கதவை நம்பினால் அவர் இரண்டு படகு நீளம் கோட்டுக்கு முன்னால் போய்விடுவார், திருப்பி அழைப்பார்கள், அவர் சுற்றி வருவதற்குள் நான் பறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். இது என்னுடைய தந்திரம். அளந்து பார்க்கிறவரையே அளவில் ஏமாற்றினால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு கடைசிக் கொம்பு ஊதியது. நான் அவருக்குக் கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று அவரைத் தாண்டி வரும் பக்கம், அரைப் படகு பின்னால் இருந்தேன். அதன் பிறகு நடுவர் படகிலிருந்து இன்னொரு கொம்பு ஊதி, ஒலிபெருக்கியில் எண் சொன்னார்கள். ஸ்கேல் அண்ணன் உடனே சுக்கானை இழுத்துத் திரும்பினார். நான் திருப்பவில்லை. என் படகின் மூக்கு அவர் படகின் விலாவில் ஏறியது. அவர் தங்கை பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தாள், விழும்போது தலை படகின் விளிம்பில் பட்டது. அந்தச் சத்தம் பெரிதாக இல்லை, டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் அளவுதான். மிதக்கும் ஜாக்கெட் போட்டிருந்ததால் அவள் மூழ்கவில்லை. குப்புற மிதந்தாள். அவர் குதித்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

இன்று ஐந்தாவது நாள், அவள் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கைக்கடிகாரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்கேல் அண்ணனிடம் கொடுத்திருக்கிறார்கள். பந்தயக் கடிகாரம் பூஜ்யம் வரை இறங்கி, அதன் பிறகு தானாக ஏற ஆரம்பிக்கும். நேற்று நான் பார்த்தபோது தொண்ணூற்றெட்டு மணி நேரம் காட்டியது. நிறுத்தவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அவர்கள் அப்பா வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறார், இவர் இந்தக் கோடியில். சாப்பாடு கொண்டுவந்த அவர்கள் சித்தி இரண்டு பேருக்கும் தனித்தனியாக நடந்து நடந்து கொடுத்தார்.

குறியைத் தானே தப்பாகப் பார்த்துவிட்டதாக ஸ்கேல் அண்ணன் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நேற்றுதான் தெரிந்தது. "ஏன் என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன். "கேட்டது நான், நம்புனது நான். நீ போய்ப் படி" என்றார். அவர் மேல் வழக்கு எழுதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதால் இன்று வந்தேன்.

இதுவரை எழுதியதை மேடம் இரண்டு தடவை படித்தார். அதன் பிறகு ஒரு கோப்பைத் திறந்து நடுவரின் தாளைக் காட்டினார். அதில் கோட்டுக்கு முன்னால் போன படகுகள் என்று இரண்டு எண்கள் இருந்தன. "ரெண்டாவது நம்பர் உன்னோடதுதானே? சரியான குறி உனக்குத் தெரியும்னா நீ ஏன் தம்பி அங்க இருந்தே?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கீழே உள்ளது அதன் பிறகு எழுதியது.

எனக்குக் குறி பார்க்கத் தெரியாது. இரண்டு வருடமாகத் தெரியாது. ஸ்கேல் அண்ணன் எங்கே நிற்கிறாரோ அதற்குப் பக்கத்தில் போய் நிற்பேன், அவர் கயிற்றை இழுத்தால் நானும் இழுப்பேன். ஒன்பது நல்ல புறப்பாடும் அவருடையவை. அன்றைக்கு அவர் வருவதற்கு நேரமானதால் நான் சும்மா வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து அவர் என்னிடம் குறி கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் தங்கை சிரிப்பாள் என்று தோன்றியது. கரையில் முதலில் கண்ணில் பட்டது நீலக் கதவு. தண்ணீர்த் தொட்டி என்பதே மறுநாள் மற்றவர்கள் பேசிக் கேட்டதுதான். தந்திரம், கணக்கு என்று எழுதியதெல்லாம் பொய். ஏமாற்றுக்காரன் என்றாலாவது கொஞ்சம் மூளை இருப்பதாக இருக்கும், அதனால் அப்படி எழுதினேன்.

நான் சொன்ன கதவை அவர் நம்பினார், அவரை நான் நம்பினேன், இரண்டு படகும் கோட்டைத் தாண்டிவிட்டன. "டேய், நம்ம நம்பரையும் சொல்றாங்கடா" என்று அத்தை மகன் சொன்னான். எனக்கும் கேட்டது. ஸ்கேல் அண்ணன் திரும்பிவிட்டதால், அடுத்து யாரைப் பார்த்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சுக்கானைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதில் முதலில் எழுதிய கணக்கைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நானே எழுதினேன், அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(கையொப்பம்)
(தாயாரின் கையொப்பம்)