தக்காளி நாற்றும் என் கொழுந்தனும்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தக்காளி நாற்று விடுவது எப்படி என்று கேட்டீர்களே, அதையே ஒரு கதையாகச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் எனக்கே முதல் தடவை தவறிப் போனது.

மலாயாவில், கிள்ளானில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்த வருஷம். ரயில்வே துரையின் பங்களாவுக்குப் பின்னால் செடி வளர்க்கிற ஒரு பழைய கண்ணாடி வீடு உடைந்து கிடந்தது. அதை ஒட்டி ஓர் அறை. அதைச் சரிசெய்து, மழையில் அழுகாமல் நாற்று எடுத்துக் காட்டினால் தோட்ட வேலையும் அந்த அறையும் எனக்கு என்றாள் துரைசாணி. அவள் இங்கிலீஷைத் தமிழில் சொன்னவன் என் கொழுந்தன் ஸ்டானிஸ்லாஸ், துரை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அந்த அறை கிடைக்காவிட்டால் எனக்குக் காப்பார் ரப்பர் தோட்டத்துக் கூலி லயம்தான்.

சீமைச்சுண்ணாம்புப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து, பதினேழு கண்ணாடி பதித்தேன். விரலெல்லாம் வெட்டு. பால் டின்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு விதைத்தேன். சூடு நல்லது என்று நினைத்துக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி வைத்தேன். மதியம் போய்ப் பார்த்தால் முளைத்ததெல்லாம் வெந்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தது. மண்ணில் விரல் வைக்க முடியவில்லை. அடுத்த தடவை திறந்து வைத்தேன். நாற்பது நாற்று நின்றது.

துரைசாணி பார்க்க வந்தாள். ஸ்டானிஸ்லாஸ் நீளமாக இங்கிலீஷில் பேசினான். என்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்று நானும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினேன். அவள் போனதும் சமையல்காரர் வாசு என்னிடம் வந்தார்.

"என்னக்கா, எல்லாம் நான்தான் செஞ்சேன்னு அவன் சொல்றான், நீங்க ஆமாம் ஆமாம்னு மண்டைய ஆட்டுறீங்க?"

கொழுந்தனிடம் போய்க் கேட்டேன். அவன் அறைச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"கோச்சுக்காதீங்க அண்ணி. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம், ரூம் வேணும் லா. காப்பார்ல பால் வெட்ட ஆள் கேக்குறாங்க. நாத்து விட்ட கைக்கு மரம் வெட்டத் தெரியாதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

இரண்டு நாள் கழித்து, துரையும் துரைசாணியும் கோலாலம்பூர் போயிருந்தார்கள். வெயில் ஏறும் நேரம். அவனுக்குக் குளிர்காய்ச்சல், பல் கிட்டித்தது.

"அண்ணி, எங்கயாவது சூடா படுக்க வைங்க அண்ணி."

முதலில் நாற்பது டின்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நிழலில் வைத்தேன். பிறகு அவனைக் கண்ணாடி வீட்டுக்குள் படுக்க வைத்து, மூன்று கோணிச் சாக்கைப் போர்த்தி, ஜன்னல்களைச் சாத்தி, கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

இந்தக் காய்ச்சலில் குளிர் விட்டதும் உடம்பு கொதிக்கும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு மணி வாக்கில் கண்ணாடியைத் தட்டினான். உடைக்கும் தெம்பு அவனிடம் இல்லை.

"அண்ணி, போதும். தண்ணி குடுங்க."

"வேர்த்தா விட்டுரும் தம்பி. படுங்க," என்றேன்.

நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குத் திறந்தேன். அந்த வருஷம் கிள்ளானில் காய்ச்சலுக்குச் செத்தவர்கள் அநேகம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. செத்தவனுடைய அண்ணி என்று இரக்கப்பட்டுத் துரைசாணி அறையை எனக்குக் கொடுத்தாள். முதலில் பழுத்த தக்காளிகளைப் பறித்துப் போய் அவன் கல்லறையில் வைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் ஸ்டானிஸ்லாஸ் வைத்த செடி என்று காட்டினாள். அது என் கைவேலை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அவன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

மற்றபடி நான் யாருக்கும் தீங்கு நினைத்தவள் இல்லை. நீங்கள் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் நோய்நொடி வராமல் இருக்கட்டும். வந்தால், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள என்னைப் போல ஒருத்தி அமையட்டும்.