கைரேகை வாங்கிய பக்கங்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள ஒரு ஆளை உட்கார வைப்பதாகச் சொன்னீர்கள், வேண்டாம் ஐயா. முப்பத்தோரு வருடம் பத்திரம் எழுதிய கை இது. அடித்தல் திருத்தல் இல்லாமல் நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் இராமதாஸ். வயது அறுபத்து மூன்று. ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கிறேன். தொண்ணூற்று நான்கில் ஒரு விபத்தில் கால் முறிந்து ஆபரேஷன் செய்தார்கள். அப்போது ஏற்றிய ரத்தத்தோடு ஹெபடைடிஸ் சி கிருமியும் ஏறிவிட்டது. அது தெரிய இருபத்தைந்து வருடம் ஆயிற்று. எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டேன், போய்விட்டது என்றார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் திரும்ப வந்திருந்தது. ஈரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது என்று ஸ்கேன் சொன்னது. எனக்குச் சாகப் பயம். இதை ஒளிப்பதில் என்ன இருக்கிறது, ஐயா.

என்னைப் போல முதல் மாத்திரையில் குணமாகாதவர்களுக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினான்கு பேரைச் சேர்த்தார்கள். பன்னிரண்டு வாரம், தினம் இரண்டு மாத்திரை. ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டோமா, உடம்புக்கு என்ன செய்கிறது என்று ஒவ்வொரு நாளும் எழுதி, கீழே கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். திங்கட்கிழமை அதை ஹேமலதா என்ற பெண்ணிடம் காட்ட வேண்டும். சோதனையைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். ரத்தம் எடுப்பது மாதம் ஒரு முறை மட்டுமே. இடையில் எங்களுக்கு என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய அந்த டைரியை விட்டால் வேறு வழியில்லை.

திங்கட்கிழமை காலையில் வராந்தாவில் உட்கார்ந்து எங்கள் கஷ்டத்தைப் பேசிக்கொள்வோம். கோவிந்தராசு சோறு இரும்பு மாதிரி ருசிக்கிறது என்பார். பிரெஞ்சுப் பென்ஷன்காரர் க்சாவியே களைப்பு என்று சொல்லமாட்டார். "ஃபத்திகே, ரொம்ப ஃபத்திகே" என்று கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், வெளியில் சொன்னால் தள்ளி உட்காருவார்கள். அங்கே மட்டும்தான் யாரும் யாருக்கும் ஒளிக்கவில்லை. பதினான்கு பேரில் ஐந்து பேருக்கு எழுத வராது. அவர்களுடைய டைரிகளை நான் எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, பழக்கதோஷத்தில் நானேதான் பேனாவை எடுத்தேன்.

மூன்றாம் வாரம் க்சாவியேவுக்குக் கண் மஞ்சளானது. அன்றே படுக்க வைத்தார்கள். மருந்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, அளவைப் பாதியாக்கித் திரும்பக் கொடுத்தார்கள். தேறிவிட்டார். அன்று ஹேமலதா எங்களிடம் ஒரு விஷயம் சொன்னார்.

"ரெண்டு பேரு வரைக்கும் டாக்டரே பாத்துப்பாரு. மூணாவது ஒருத்தருக்கு இதே மாதிரி கண்ணு மஞ்சளாச்சுன்னா, எல்லாருக்கும் மருந்த நிறுத்திடுவாங்க. அதுக்காக யாரும் மறைக்காதீங்க."

கடைசி வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி அஞ்சலாட்சி. அவளைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தாறு. பெரிய மார்க்கெட்டில் பூக்கடை. பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தில் வந்த நோய். கல்யாண மாதம் என்பதால் திங்கட்கிழமையில் கடையை விட்டு வர முடியவில்லை. சனிக்கிழமை காய் வாங்கப் போகும்போது நானே டைரியை எழுதி, கைரேகை வாங்கி, ஹேமலதாவிடம் சேர்த்துவிடுவேன். பத்திர எழுத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் கூடியிருக்கும்போதே கைரேகையை வாங்கி வைத்துவிடுவோம், வாசகத்தைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து அவள் முன்கூட்டியே ரேகை வைத்துவிடுவாள். என்ன எழுதினேன் என்று ஒருநாளும் படித்துக் காட்டச் சொன்னதில்லை.

ஐந்தாம் வாரம் சனிக்கிழமை அவள் கதம்பம் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, எனக்கும் கண்ணு மஞ்சளா இருக்குதுண்ணே. மூணு நாளா வாந்தி. மறக்காம எழுதிடுங்க."

"எழுதிடறேம்மா" என்றேன். அப்போது எழுதும் எண்ணம்தான் இருந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டு எடுத்து வந்தேன்.

திங்கட்கிழமை நான் கொடுத்த அவளுடைய டைரியில், இரண்டு வேளையும் மாத்திரை சாப்பிட்டேன், நலம் என்று இருந்தது. அதற்குள் கண் மஞ்சளான இரண்டாவது ஆளின் பெயர் வந்துவிட்டது. அது யாரென்று உங்கள் கோப்பிலேயே இருக்கும். அந்த ஆளையும் ஐந்து நாள் படுக்க வைத்து, மருந்தை நிறுத்தி, அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். அஞ்சலாட்சியைச் சொன்னால் அவள் மூன்றாவது. பதினான்கு பேருக்கும் மருந்து நின்றுவிடும். கோவிந்தராசுவுக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். க்சாவியே இப்போதுதான் எழுந்து நடக்கிறார். ஒருத்திக்காக இத்தனை பேரின் கடைசி வழியை அடைக்கலாமா என்று யோசித்தேன். நீங்களாக இருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

அடுத்த சனிக்கிழமை போனபோது அவள் பூ கட்டவில்லை. வயிறு வீங்கியிருந்தது. மூட்டை மேல் சாய்ந்தபடி, சாமந்தியைப் பார்த்து மல்லி என்று சொன்னாள். பேச்சு குழறியது.

"டாக்டருக்கு எழுதினீங்களாண்ணே? என்ன சொன்னாரு?"

"எழுதிட்டேன். மருந்து வேலை செய்யுதாம், அப்படித்தான் இருக்குமாம். மாத்திரைய மட்டும் விட்டுடாதன்னு சொன்னாரு."

"அவருக்குத் தெரிஞ்சிருந்தா சரிண்ணே" என்றாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அலைய வேண்டாம் என்று அடுத்த வாரம் முழுவதற்கும் சேர்த்து ஏழு பக்கத்தில் ரேகை வாங்கிக்கொண்டேன். விரல் நிற்கவில்லை, நான்தான் பிடித்து அழுத்தினேன். அந்த ஏழு பக்கத்தையும் வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

பிறகு நான் மார்க்கெட் பக்கம் போகவில்லை. ரேகைதான் வாங்கியாகிவிட்டதே.

எட்டாம் வாரத் திங்கட்கிழமை அவளுடைய டைரியைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஹேமலதா பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலாட்சியின் மகள் பாக்கியலட்சுமி வந்தாள். கையில் மாத்திரை டப்பா.

"மேடம், இதத் திருப்பிக் குடுத்துடணும்னு அம்மா சொல்லிட்டே இருந்துச்சு. வேற யாருக்காவது ஆவும்னு."

"அம்மா வரலையாம்மா?"

"வியாழக்கெழம செத்துப்போச்சு மேடம். ரத்தமா வாந்தி எடுத்துச்சு. உங்களுக்கு எல்லாம் தெரியும், டாக்டரு பாத்துக்கிறாருன்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னுச்சு."

ஹேமலதா டைரியைப் பார்த்தார். வெள்ளி, இரண்டு வேளையும் மாத்திரை சாப்பிட்டேன், நலம். சனி, நலம். ஞாயிறு, நலம். மூன்றின் கீழும் அஞ்சலாட்சியின் கைரேகை. பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் எழுந்து நின்றேன்.

அன்றே மருந்தை எல்லோருக்கும் நிறுத்திவிட்டார்கள். கோவிந்தராசு தினமும் போன் செய்து எப்போது திரும்பத் தருவார்கள் என்று என்னைக் கேட்கிறார். யாரைக் கேட்பதென்று எனக்கும் தெரியவில்லை. அன்று எடுத்த ரத்தத்தில் ஒரே ஒருவருக்குத்தான் கிருமி அறவே தென்படவில்லை. அந்த இரண்டாவது ஆளுக்கு.

அது நான்தான் ஐயா. அஞ்சலாட்சி என்னிடம் சொன்னதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தேன். லேசான மஞ்சள். அவளுக்கு இருந்ததில் கால்வாசிகூட இருக்காது. மேசையில் இரண்டு டைரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, அவளுடையதில் அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது. டாக்டர் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குத்தான் இடம் பாக்கி. முதலில் என்னுடையதை எடுத்தேன். கண் மஞ்சள், சிறுநீர் அடர் நிறம், காலை ஏழு மணி முதல் குமட்டல் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அதன் பிறகுதான் அவளுடையதை எடுத்தேன்.

என் டைரியும் உங்களிடம்தான் இருக்கிறது. புரட்டிப் பாருங்கள், அதில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது.