காலியாக விட்ட நாட்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எங்களுக்கு வானிலை வகுப்பு எடுக்கும் பேராசிரியை அவர்களே, முன்வரிசையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருக்கும் அவளுடைய அம்மா, அப்பா அவர்களே, என் வகுப்புத் தோழர்களே, வணக்கம்.

நாம் இழந்திருப்பது நம் ‘துல்லியத்தை’. கேலிக்காக நாம் வைத்த பெயரை அவள் பட்டமாகவே ஆக்கிக்கொண்டாள்! எனக்கு முன் பேசியவர்கள் அவளை நேசித்ததாகச் சொன்னார்கள். நானும் நேசித்தேன். அதைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன். இந்த மண்டபம் அவளுக்காக நிறைந்திருப்பதைப் பார்த்து இப்போதும் படுகிறேன்.

சென்ற ஆண்டின் முதல் வகுப்பில், “இந்த வருஷம் தினமும் செய்யப்போற ஒரு விஷயத்த எழுதுங்க” என்றார் பேராசிரியை. தினமும் காலை எட்டு மணிக்குக் கல்லூரி மொட்டை மாடி வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பதாக அவள் எழுதினாள். எட்டிப் பார்த்து நானும் அதையே எழுதினேன். எனக்கு உயிரான வகுப்பு அது. அதில் அவள் என்னை முந்துவதா?

அவள் மழையிலும் ஏறினாள். காய்ச்சல் விட்ட மறுநாளே ஏறினாள். நான் எத்தனை நாள் ஏறினேன், தெரியுமா? ஒன்பது நாள்! மீதியைப் போர்வைக்குள் கிடந்தபடி ஃபோனில் பார்த்து எழுதினேன். அதற்கும் சோம்பல் வந்தபோது வாய்க்கு வந்த எண்ணை எழுதினேன்.

ஆண்டு முடிவில் இரண்டு நோட்டுகளும் பேராசிரியை வைத்த போட்டிக்குப் போயின. என்னுடையதில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. அவளுடையதில் பதினான்கு நாட்கள் காலி. பரிசு யாருக்கு? எனக்கு!

அன்று மாலை ஆய்வகத்தில் என் நோட்டைப் புரட்டியவள் ஒரு தேதியில் விரலை வைத்தாள்.

“அன்னைக்கு மாடியில தெர்மாமீட்டரே இல்லையேடி. நான்தான் கீழ போட்டு உடைச்சேன், மறுநாள்தான் புதுசு வந்துச்சு. நீ எதைப் பாத்து எழுதுன?”

நான் நோட்டைப் பிடுங்கப் பார்த்தேன்.

“இருபத்தெட்டு புள்ளி நாலாம்! புளுகுறதுக்குக்கூட தசமம் வேணுமா உனக்கு?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் நோட்டில் அதே தேதியில், ‘அளவு இல்லை. உடைத்தது நான்’ என்று இருந்தது.

அவள் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நன்றி சொன்னேனா? இல்லை. அப்படியும் ஒருத்தியால் இருக்க முடிகிறதே என்று இன்னும் வயிறெரிந்தேன்.

இந்த ஆண்டும் அவள் புது நோட்டுப் போட்டாள். பன்னிரண்டு நாட்களுக்கு முன் சாலை விபத்தில் அவளை இழந்தோம். நேற்று அவளுடைய அம்மா அந்த நோட்டை என் கையில் கொடுத்தார்.

“உன் நோட்டுல ஒரு நாள்கூட விடலையாமே, அவ சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இதையும் நீயே எழுதி முடிச்சுக் குடும்மா. காலியா கிடக்கிறதப் பாக்க முடியல.”

அம்மா, இங்கே இருக்கும் யாரைவிடவும் எனக்கு அது சுலபம். ஒரே நிமிடத்தில் நிரப்பிவிடுவேன். யாருக்கும் தெரியாது.

பேராசிரியை அவர்களே, அந்தப் பரிசு என் பொய்க்குக் கிடைத்தது. இதோ, உங்கள் மேசைமேல் வைக்கிறேன்.

நாளை காலை எட்டு மணிக்கு மாடி ஏறுவேன். கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதுவேன். ஒன்பதே நாளில் கைவிட்டவள் பேசுகிறேன். நம்பச் சொல்லவில்லை, வந்து பாருங்கள்! ஆனால் அம்மா, என்னை மன்னியுங்கள். அவள் போன மறுநாளிலிருந்து இன்றுவரை அங்கே யாரும் அளக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நாட்களை நான் நிரப்ப மாட்டேன்.