நெஞ்சுல போட்ட கோடு

அட, குந்து தம்பி. ஆஸ்பத்திரில மொத நாளுனா அப்படித்தான் இருக்கும். இப்படி எழுந்து எழுந்து வாசலப் பார்த்தா வாச்மேன் உன்னத் திருடன்னு நெனச்சுக்குவான். மீஞ்சூரா? நமக்குப் பக்கம்தான். நான் பழவேற்காட்டு ஏரில கையால தடவி எறா புடிக்கிறவன்.

எனக்கும் நுரையீரல்லதான் கட்டி. பெரிய ரத்தக் கொழாயோட ஒட்டினு கீது, கத்தி வைக்க முடியாதுன்ட்டாங்க. உனக்கும் அதேதானா? அப்ப நாம பங்காளிங்க.

ஊசி மருந்தும் கரண்டும், அதான் ரேடியேசன், எதுக்கு ஒண்ணா வைக்கிறாங்கனு நானும் கேட்டேன். எறா தடவுறப்ப ஒரு கை சேத்தக் கலைக்கும், இன்னொரு கை அமுக்கும். ஒரே கையால ரெண்டும் பண்ணிப் பாரு, தண்ணிதான் கெடைக்கும். மருந்து கட்டியச் சோர வைக்கும், கரண்டு அத்தச் சுடும். அவ்ளோதான், ஆறு வாரம். நடுவுல எச்சி முழுங்குனாவே எரியும், பொய் சொல்ல மாட்டேன். என் பொஞ்சாதி கோவிந்தம்மா மோரு சாதத்த மிக்ஸில அடிச்சுக் குடுத்தா. உன் கொழம்புக்கு இது மேல்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசலையே!

கரண்டு வைக்கிற எடத்துக்கு நெஞ்சுல கோடு போடுவாங்க. அழியக் கூடாதும்பாங்க. நமக்குத் தண்ணியக் கண்டா காலு நிக்குமா? நாலாவது நாளே எறா போடுற பறிக்கூடையப் பல்லுல கடிச்சுனு கழுத்தளவு எறங்கிட்டேன். ரெண்டு கிலோ எறா. கரையேறிப் பார்த்தா கோட்டக் காணோம். கோவிந்தம்மா இன்னா பண்ணா தெரியுமா? படகுக்கு நம்பர் எழுதுற செவப்புப் பெயிண்ட எடுத்து, குத்துமதிப்பா... சிரி, சிரி. நான் சட்டையக் கழட்டுனதும் அந்த மிஷின் பொண்ணும் இப்படித்தான் சிரிச்சுது. அப்புறம் டாக்டர் வந்து காச்சுனாரு பாரு! திரும்ப ஸ்கேன் எடுத்து, மொதல்லேந்து அளந்து போட்டாங்க. நீ குளிக்கிறப்ப பாத்துக்கோ.

எனக்கு இன்னைக்குக் கரண்டா? இல்லபா, அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆவுது. கட்டி கரைஞ்சுதா இல்லையானு இன்னைக்குச் சொல்வாங்க. இந்தக் கவர்லதான் கீது, இங்கிலீசுல. வூட்ல சொல்லல. மாத்திரை வாங்கப் போறேன்னுட்டு ரயிலேறிட்டேன். அவ மூஞ்சியப் பார்த்துனு அத்தக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அதான் உன்னாண்ட வாய் ஓயாம பேசினு கீறேன்.

தோ, அங்கமுத்துனு கூப்புடுறாங்க. நான்தான். தம்பி, உனக்கு இன்னும் நேரம் கீதுல்ல? கொஞ்சம் என் கூட உள்ள வர்றியா?