ஏழு போத்தல் தண்ணீர்

புத்தூர்ச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு வெங்காயத் தோட்டக்காரர். அவருக்கு முன்னால் நின்ற, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் பெண்ணிடம் சொன்னார்:

"பிள்ளை, உங்கடை தண்ணி கட்டிலுக்குக் கீழை பத்திரமாக் கிடக்கு."

"என்ன தண்ணி, அண்ணை? உங்கடை கிணத்தைச் சோதிக்க நேற்றுத்தானே அனுமதிக் கடிதம் வந்தது. அதுக்கு ஏழு மாசமா மூண்டு அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினன்."

"மாசத்துக்கு ஒரு போத்தல் வேணுமெண்டனீங்கள். கடிதம் வரும்வரைக்கும் நானே மாசாமாசம் அள்ளி, திகதி எழுதி வைச்சனான். ஏழு கிடக்கு."



"வைச்ச தண்ணி சோதனைக்கு உதவாது, அண்ணை."

"அப்ப ஊத்திப்போடட்டே?"

"வேண்டாம். அந்தக் கந்தோர்க்காரரோடை நடக்கிற அடுத்த கூட்டத்திலை மேசையிலை வரிசையா வைக்கப்போறன். ஒரு கடிதத்துக்கு எவ்வளவு காலம் எடுத்ததெண்டு அந்த அதிகாரியள் பாக்கட்டும்."

"அப்ப போத்தலுகளைத் துடைச்சுத் தாறன்."