யானைக்குச் சூடு

வாகரை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு இளம்பெண்கள் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முதல்ல யானைக்குச் சூடு வை புள்ள!” என்றாள் ஒருத்தி. பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

அவர்களுக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்ச் சாக்கோடு இருந்த, காட்டோரம் சேனைப் பயிர் செய்யும் அம்மா கேட்டார்: “எந்த யானைக்கு?”

“இது சண்டை கேம் அன்ரி. எதிராளிட யானை மெதுவாத்தான் வரும். எவ்வளவு அடிச்சாலும் தாங்கும். அது ஒருக்கா அடிச்சா நம்மட ஆள் முடிஞ்சான்.”

“சூடு வச்சா சாகுமா?”

“சாகாது. அடிக்கிற பலம் பாதியாயிரும்.”

“ராவில சேனைக்குள்ள யானை வந்தா நாங்களும் பந்தம் புடிக்கிறம், வெடி போடுறம். எங்கட யானைக்குக் கோவந்தான் கூடுது.”

அம்மா சாக்கைத் தள்ளிவிட்டுப் போன் பக்கம் சாய்ந்தார்.

“சரி, வை பாப்பம்.”