மேலே பார்த்தால் ஆமாம்

என் மகள் பெரிய வாயாடி. பதினான்கு வயதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை என்பது வேறு விஷயம். கை, கால், நாக்கு எதுவும் அவள் சொன்னபடி கேட்காது. கண் மட்டும் கேட்கும். மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் வேண்டாம். அதை வைத்துக்கொண்டே என்னை நாள் முழுக்கச் சண்டைக்கு இழுப்பாள். ஆனால் அந்தக் கண் தானாகவும் அலையும். எது பேச்சு, எது வெறும் அலைச்சல் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியூரில் வேலை பார்க்கும் அவள் அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. “என்ன சொல்றா, நீயே சொல்லேன்” என்பார்.

சளி கட்டி மூச்சு முட்டுவது அவளுக்கு வாடிக்கையாகிவிட்டது. ஒரு தடவை தொண்டையில் குழாய் போட்டார்கள். தானாக ஆடும் கை அதைத் தட்டிவிடும் என்று கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வீடு திரும்பும் முன் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, இனி இப்படி வந்தால் என்ன செய்யலாம் என்று இப்போதே பேசிவைப்போம் என்றார். ஊரிலிருந்து வந்திருந்த அவள் அப்பா குழாய் போடத்தான் வேண்டும் என்றார்.

“அவகிட்டயே கேட்டுடலாமே” என்று டாக்டரம்மா கட்டிலருகே குனிந்தார். நல்ல மனுஷி.

“கண்ணு, மறுபடியும் மூச்சு முட்டினா குழாய் வைக்கலாமா? உன் இஷ்டம்தான்.”

மேலே பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள்.

“என்னம்மா சொல்றா?”

“வேண்டாமாம்” என்றேன்.

அவள் அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். “அவளே சொல்லிட்டா. அப்புறம் குறுக்க நிக்க நான் யாரு?”

என் மகள் என்னையே பார்த்தாள். பிறகு மறுபடியும் மேலே பார்த்தாள்.

“இப்ப என்ன சொல்றா?”

“வீட்டுக்குப் போகணுமாம்.”

அடுத்த மழைக்காலத்தில் மூச்சு முட்டியது. பேசிவைத்தபடி குழாய் போடவில்லை. வலி தெரியாமலிருக்க மருந்து மட்டும் கொடுத்தார்கள். அவள் கண் மேலேயே நின்றது.

“ஏதோ கேக்கறா போலிருக்கே” என்றாள் நர்ஸ்.

“வெளிச்சம் கூசுதாம்” என்றேன். நர்ஸ் விளக்கை அணைத்தாள்.

அவள் இருக்கவேண்டும் என்றுதான் சொன்னாள். நான்தான் மாற்றிச் சொன்னேன். அவள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவளுக்காகத்தான் செய்தேன், எனக்காக இல்லை. இப்போதெல்லாம் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன்.